மச்சானின் அணியத்துக்கு நேரே

மச்சான் செய்த முதல் கப்பல் ஒரு செத்துப்போன ஸ்பார்க் பிளக். யாரோ மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிப் பட்டறை வாசலில் எறிந்துவிட்டுப் போனது. அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, இரும்புப் பக்கத்தில் ஓர் ஆணியைப் பற்றவைத்து, ஆணியின் மறுமுனையை நட்டுக்கு அடியில் போடுகிற ஒரு வட்ட வாசரின் நடுவில் நிறுத்தி ஒட்டினார். ஒற்றைக் கால் கொக்கு மாதிரி அது வேலை மேசைமேல் நின்றது. "என்ன இது, சொல்லு மாப்ள" என்றார். "பிளக்கு மச்சான்" என்றேன். "ஆகாசக் கப்பல்" என்றார். நான் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அக்காளைக் கட்டியவர் ஒன்றைச் சொன்னால் முதலில் அவர் முகத்தைப் பார்ப்பேன், பிறகுதான் என் முகத்தில் என்ன வர வேண்டும் என்று முடிவு செய்வேன். அப்போதெல்லாம் என் பிழைப்பே அதுதான்.

எனக்கு ஊர் கமுதிக்குத் தெற்கே. மிளகாயும் பருத்தியும் போடுகிற கரிசல் காடு. ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டேன். வீட்டில் வசதியில்லாமல் இல்லை, பரீட்சை என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும், அவ்வளவுதான். மழை வந்தால் மிளகாய்ப் பழம் அழுகுமோ, வராவிட்டால் செடி காயுமோ, பஸ் ஏறினால் கவிழுமோ என்று கவலைப்படுவதே என் முழுநேர வேலை. அக்காளை உச்சிப்புளியில் கட்டிக்கொடுத்த பிறகு, அந்தக் கவலைகளெல்லாம் ஒன்றாய்க் கூடி ஒரே கவலையாகிவிட்டன. மச்சான் மனம் கோணிவிடக் கூடாது.

அதற்குக் காரணம் எங்கள் அத்தை. அய்யாவின் தங்கை. நான் சிறுவனாக இருந்தபோது, ஒரு பொங்கலுக்கு அத்தையும் அவள் வீட்டுக்காரரும் எங்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். ஊர்ப் பொட்டலில் சடுகுடு நடந்தது. பாடி வந்த மாப்பிள்ளையை அய்யா காலைப் பிடித்து மடக்கிப்போட்டு, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, "மாப்பிள்ளைக்கு மூச்சுப் பத்தல, கொஞ்சம் கஞ்சி ஊத்துங்கப்பா" என்று சொல்லிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்த மாதிரிதான் இருந்தது. மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தவர், வீட்டுக்கு வந்து சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அத்தையைக் கூப்பிட வரவே இல்லை. பெரியவர்கள் போய்க் காலில் விழாத குறையாகப் பேசிப் பார்த்தும் வரவில்லை. அத்தை கடைசிவரை எங்கள் வீட்டிலேயே இருந்தாள். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் அவள் தலை திரும்பும். வெகு வருடங்கள் கழித்தும் அப்படித் திரும்பியது. அக்கா கல்யாணத்தன்று என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஏலே, மாப்பிள்ளைய எதுலயும் செயிச்சுப்புடாத" என்றாள்.

மச்சான் சிங்கப்பூரில் கப்பல் பழுது பார்க்கும் யார்டில் வெல்டராக இருந்து திரும்பியவர். வீட்டை ஒட்டி, ராமேசுவரம் ரோட்டு மேலேயே பட்டறை போட்டார். கிரில் கேட், ஜன்னல் கம்பி, தங்கச்சிமடத்துப் படகுக்காரர்கள் கொண்டுவரும் எஞ்சின் சட்டம், எல்லாம் செய்வார். காட்டில் விளைச்சல் பொய்த்த ஒரு வருடம் என்னையும் கூப்பிட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார். சிங்கப்பூரில் அவர் தங்கியிருந்த கொட்டகையில் ஒரு பிலிப்பைன்ஸ்காரன் இருந்தானாம். அவனிடம் ஈயத்தில் வார்த்த, நட்சத்திரங்களுக்கு நடுவே பறக்கிற குட்டிக் குட்டி ஆகாசக் கப்பல்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தனவாம். லீவு நாளில் கறுப்புத் துணி விரித்து இருவரும் சண்டை போடுவார்களாம். மச்சான் அங்கிருந்து டேப் ரெக்கார்டர் கொண்டு வந்தார், சென்ட் கொண்டு வந்தார், போர்வை கொண்டு வந்தார். ஆனால் அவர் மனதில் வைத்துக் கொண்டுவந்தது அந்த விளையாட்டைத்தான். அந்தக் கப்பல்களை இங்கே தானே செய்தார். எனக்கு ஒரு படை, அவருக்கு ஒரு படை. பிளக், போல்ட், தேய்ந்துபோன பேரிங் உருண்டை, எல்லாம் கப்பலாயின. பழைய குடைத்துணிகளை அக்கா சேர்த்துத் தைத்துக் கொடுத்தாள். அதுதான் ஆகாசம்.

விதிகளை அவர் சொல்லிக்கொடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வாசரின் விளிம்பில் உளியால் வெட்டுப் போட்டு நாலு பாகமாகப் பிரித்திருந்தார். முன், பின், வலம், இடம். "முன்பாகத்துக்கு அணியம்னு வச்சுக்குவோம். படகுக்காரக அப்படித்தான் சொல்லுவாக" என்றார். பெரிய பீரங்கி அணியத்தில் மட்டும்தான். அந்த இரண்டு வெட்டுகளுக்கு நடுவே எவன் வந்து நிற்கிறானோ அவனைத்தான் சுட முடியும். பக்கவாட்டுப் பீரங்கிகள் சின்னவை, கிட்டத்தில் இருந்தால்தான் எட்டும். பின்பக்கம் எஞ்சின் நெருப்பு கக்குவதால் அங்கே பீரங்கியே கிடையாது. ஆக, ஒருத்தன் முதுகுக்குப் பின்னால் போய்விட்டால் அவனால் நம்மைத் தொட முடியாது, நாம் அவனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். வாசரின் நடுவிலிருந்து எதிரி வாசரின் நடுவுக்கு நூல் பிடிக்க வேண்டும். நூல் வெட்டுக்கோட்டின் மேலேயே விழுந்தால், சுடப்படுகிறவனுக்குச் சாதகம். "சாகப்போறவனுக்கு அந்த மரியாதையாச்சும் குடுக்கணும்ல" என்பார்.

"எஞ்சின அமத்துனா நின்னுருமா மச்சான்?" என்று கேட்டேன்.

"நிக்காது. அங்கன காத்தும் கெடையாது, தண்ணியும் கெடையாது. ஒருக்கா தள்ளிவிட்டா போய்க்கிட்டே இருக்கும். அதனாலதான் போன தடவை எவ்வளவு ஓடுனியோ அதுல பாதியாச்சும் இந்தத் தடவையும் ஓடணும்."

"அப்ப டீசல் தீந்துபோனா யாரு மச்சான் இழுத்துட்டு வருவா?"

அவர் சிரித்த சிரிப்பில் அக்கா வெளியே வந்துவிட்டாள். "ரெண்டு கழுதையும் சொப்பு வெளையாடுதுக. ரோட்டுல போறவக பாத்தா பட்டறைக்கு வேலை குடுப்பாகளா?" என்றாள். எனக்கு அந்தக் கவலையும் உடனே பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் முதல் முன் கதவை ஒருக்களித்து வைத்தேன்.

இந்த விளையாட்டில் ஒருவர் நகர்த்தி மற்றவர் பார்த்து நகர்த்துவது என்பது இல்லை. இருவரும் ஆளுக்கொரு தகரத் துண்டில், எந்தக் கப்பல் எவ்வளவு ஓடும், எந்தப் பக்கம் திரும்பும் என்று சாக்பீஸால் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். பிறகு சேர்ந்தாற்போல் திருப்ப வேண்டும். எழுதியபடிதான் நகர்த்த வேண்டும். எதிரி எங்கே வரப்போகிறான் என்பதை ஊகித்தால்தான் பிழைக்க முடியும். ஊகிப்பது எனக்குக் கஷ்டமாகவே இல்லை. காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை மச்சான் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அவர் கப்பல் எங்கே போகும் என்று தெரியாதா? மீசையை நீவினால் வலப்பக்கம் திரும்பப் போகிறார். சாக்பீஸை அழுத்தி எழுதினால் வேகத்தைக் கூட்டுகிறார். எனக்கு எல்லாம் தெரிந்தது. தெரிந்ததை வைத்துக்கொண்டு, என் கப்பல்களை ஒவ்வொன்றாக அவருடைய அணியத்துக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் நூல் பிடித்துப் பார்ப்பார். நடு மத்தியில் விழும். "மாட்டுனியா!" என்று தொடையில் தட்டுவார். நான் தலையில் கையை வைத்துக்கொள்வேன். அந்த வாரம் அக்கா வாழ்க்கை பத்திரம் என்று எனக்குள் ஒரு நிம்மதி வரும்.

இதில் எனக்கு இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிற விஷயம் வேறு. மச்சான் அப்படிப்பட்ட ஆளே இல்லை. அதை நான் அவர் வீட்டிலேயே இருந்துகொண்டு தினமும் பார்த்தேன். குழம்பில் உப்பில்லை என்றால் எழுந்துபோய் உப்பு எடுத்துவந்து எனக்கும் சேர்த்துப் போடுவார். அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது படகுக்காரர்கள் வாசலில் நின்று சத்தம் போட, பட்டறையைச் சாத்திவிட்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு கேட்டுக்கு அளவு தப்பாக வெட்டியபோது, கேட்டுக்காரரிடம் தானே வெட்டியதாகச் சொல்லி ஏச்சு வாங்கிக்கொண்டார். இவ்வளவையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, இதெல்லாம் இன்றைக்கு, நாளைக்கு என்ன ஆகுமோ என்று நினைத்தேன். ஒரு மனிதர் நல்லவர் என்பதற்கு எனக்கு எத்தனை சாட்சி இருந்தாலும் போதவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நேவி சார் வந்தார். உச்சிப்புளிப் பக்கம் கடற்படை விமானத் தளத்தில் எஞ்சின் வேலை பார்ப்பவர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். ஸ்கூட்டர் ஸ்டாண்டு உடைந்து பற்றவைக்க வந்தவர், மேசைமேல் இருந்த கப்பல்களைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரை மறந்துவிட்டார். அடுத்த ஞாயிறு முதல் அவரும் வந்தார். அவரோடு ஆடும்போது எனக்கு ஒரு பயமும் இல்லை. அவர் எங்கள் வீட்டில் பெண் எடுத்தவர் இல்லை. அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் போய்ப் போய்ச் சுட்டேன். அவர் "அட தம்பி!" என்று சொல்லி ரசித்துத் தோற்பார். அவரும் மச்சானும் ஆடினால் பெரும்பாலும் அவர்தான் ஜெயிப்பார். என்னோடு ஆடினால் மச்சான்தான் ஜெயிப்பார். நான் இதை ஒரு நாளும் சேர்த்துவைத்து யோசிக்கவில்லை. பயத்தில் இருப்பவனுக்குத் தன் பயம் மற்றவர் கண்ணுக்கும் தெரியும் என்பது தோன்றுவதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் வழக்கம்போலத் தோற்று முடித்திருந்தேன். அக்கா டீயோடு வந்து நின்றாள். மச்சான் சந்தோஷத்தில், "சார், நம்ம மாப்ள ஒங்களப் பின்னுறான். ஆனா எங்கிட்ட வந்தா பொட்டிப் பாம்பு. அது என்ன மாயமோ" என்றார்.

நேவி சார் டீயை வாங்கிக்கொண்டு, துணிமேல் நின்ற கப்பல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒரு எஞ்சின் ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது என்று யோசிக்கிற முகம்தான் அது.

"மாயமெல்லாம் இல்லீங்க. நானும் ரெண்டு மூணு வாரமாப் பாக்கறேன். ஒவ்வொரு தடவையும் தம்பி சரியா உங்க பீரங்கிக்கு நேரா வந்து நிக்கறாரு. தப்பா ஆடறவன் அங்கயும் இங்கயும் சிதறித்தான் நிப்பான். இப்படி நடு மத்தியில வந்து நிக்கணும்னா, நீங்க எங்க வருவீங்கன்னு துல்லியமாத் தெரிஞ்சிருக்கணும். அது தெரிஞ்சவரு ஏனுங்க உங்க பின்னாடி போகலை?"

மச்சான் சிரித்தபடியே நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றுவது மெதுவாகி நின்றது. என்னைப் பார்க்கவில்லை. துணியைப் பார்த்தார். சுடப்பட்ட என் கப்பல்கள் சாய்த்து வைத்த இடத்திலேயே கிடந்தன. எல்லாம் அவர் அணியத்துக்கு நேரே, வரிசை பிடித்த மாதிரி.

"நெசமா மாப்ள?" என்றார்.

அவர் துணியை உதறி, ஆளுக்கு ஒரே ஒரு கப்பலை எதிரெதிரே வைத்தார். "ஒத்தைக்கு ஒத்தை. உள்ளபடி ஆடு" என்றார். தகரத்தை எடுத்தேன். மச்சான் மீசையை நீவினார். வலப்பக்கம் திரும்பப் போகிறார் என்று தெரிந்தது. உள்ளபடி ஆடுவதென்றால் என்ன எழுத வேண்டும் என்றும் தெரிந்தது. ஆனால் என் கை பழகிய வழியிலேயே போனது. திரும்பி வரும் அவருக்கு நேர் எதிரே போய் நிற்கும்படி எழுதிக் கவிழ்த்தேன்.

திருப்பினோம். மச்சான் திரும்பவே இல்லை. நேராக, முழு வேகத்தில் என்று எழுதியிருந்தார். அவர் கப்பல் விறுவிறுவென்று என்னைத் தாண்டிப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. வேண்டுமென்றேதான் மீசையை நீவியிருக்கிறார். நான் அவருக்கு முன்னால் போய் நிற்க நினைத்து, அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"சுடு" என்றார்.

"பக்கப் பீரங்கிக்குத் தூரம் எட்டாது மச்சான்."

ஸ்கேலை வைத்து அளந்தார். "எட்டுது."

"கோட்டு மேல விழுகும்."

நூலைப் பிடித்துக் காட்டினார். கோட்டின் பக்கத்தில்கூட இல்லை. "விழுகல. சுடு."

"வேணாம் மச்சான்."

"ஏன்?"

என் கண் ஒரு தடவை அக்காளிடம் போய்விட்டு வந்தது. அவ்வளவுதான். மச்சான் அதைப் பார்த்தார். என் கண் போன வழியிலேயே அவர் கண்ணும் போய் அக்காளிடம் நின்றது. அவருக்கு எங்கள் அத்தையைத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்தபோது, செருப்புச் சத்தத்துக்கு அவள் திரும்பியதைப் பார்த்திருக்கிறார். ஏன் என்று அக்காளிடம் கேட்டும் இருக்கிறார்.

"ஒங்க அத்தை வீட்டுக்காரரு மாதிரி நானும் சட்டைய மாட்டிக்கிட்டுப் பஸ் ஏறிருவேன்னு நெனச்சியாக்கும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் குரல் அப்படியே இறங்கிப்போயிருந்தது. நேவி சார் டீ கிளாசுக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். மச்சான் கப்பல்களை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார். என் படையையும் அவரே எடுத்துப் போட்டார். எதையும் எறியவில்லை, வேகமாகக்கூட வைக்கவில்லை. நான் அன்று மட்டும் அவர் எறிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எறிந்திருந்தால் நான் நினைத்தது கொஞ்சமாவது சரியென்று ஆகியிருக்கும்.

சாயங்காலம் கொல்லையில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். "ஏலே, ஞாயித்துக்கிழமை செயிச்சுட்டு வந்து அந்த மனுசன் எங்கிட்ட என்னென்ன சொல்லுவாரு தெரியுமா? எப்படித் திருப்புனேன், எப்படி மாட்டுனேன்னு சோறு திங்கையில தட்டுல வரைஞ்சு காட்டுவாரு. எனக்கு ஒண்ணும் புரியாது. ஆனா அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருப்பேன். அதம்புட்டையும் பொய்யாக்கிப்புட்டியேடா" என்றாள். உள்ளே போகப்போனவள் திரும்பினாள். "எனக்காகத்தான் செஞ்சன்னு மட்டும் சொல்லிராத. நான் ஒரு நல்ல மனுசன்கூட இருக்கேன்னு உனக்குத் தெரியலைன்னா, என்னைப் பத்தியும் உனக்கு ஒண்ணும் தெரியல."

அதன் பிறகு மச்சான் அந்தத் துணியை விரிக்கவே இல்லை. நேவி சார் ஒன்றிரண்டு முறை வந்து பேசிவிட்டுப் போனார், பிறகு மாற்றலாகிவிட்டார். மற்றபடி மச்சானிடம் ஒரு மாற்றமும் இல்லை. கூலி, சாப்பாடு, அதட்டல், கேலி எல்லாம் முன்போலவே. ஆனால் பட்டறையில் எதையாவது என்னிடம் கேட்டு, நான் "நீங்க சொன்னா சரிதான் மச்சான்" என்று சொல்லும்போது, அவர் கை வேலையை விட்டு ஒரு நொடி நிற்கும். என்னிடம் கேட்டதே வீண் என்பது போல மறுபடி குனிந்துகொள்வார். மனிதருக்கு நான் செய்த அவமரியாதை தோற்றதில் இல்லை, இந்தச் சொல்லில்தான் இருக்கிறது என்று எனக்கே மெல்ல மெல்லப் புரிந்தது. புரிந்தும் நிறுத்த முடியவில்லை. மழை நன்றாகப் பெய்த ஒரு வருடம், காட்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கமுதிக்குத் திரும்பிவிட்டேன். உண்மையில், அந்த ஒரு நொடியிலிருந்து தப்பித்துத்தான் வந்தேன்.

இப்போது என் கையில் செல்போன் இருக்கிறது. மச்சான் வாரம் தவறாமல் பேசுவார். போன வாரம் பேசியபோது குரல் சரியில்லை. அக்காவுக்குச் சர்க்கரை ஏறிக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. ராமநாதபுரத்தில் பார்த்த டாக்டர், உடனே மதுரைக்குக் கொண்டுபோய்க் கண்ணைக் காட்டச் சொல்லிவிட்டாராம். "கையில ஒரு பெரிய கேட்டு வேலை கெடக்கு. பங்குனி கழியட்டும், போவோம். அதுக்குள்ள தெளிஞ்சாலும் தெளிஞ்சுரும். என்ன மாப்ள சொல்ற?" என்றார்.

அவர் ஏன் தள்ளிப்போடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கேட்டு வேலை அதற்குக் காரணமே இல்லை. மதுரை டாக்டர் என்ன சொல்லிவிடுவாரோ என்று பயம். பயத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருக்கு என்னிடமிருந்து வேண்டியது ஒரு "சரி"தான். அதை வாங்கிக்கொண்டு அவர் பங்குனிவரை நிம்மதியாக இருப்பார். வழக்கமான சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நீங்க சொன்னா சரிதான் மச்சான். எத்தனை வருடப் பழக்கம். அக்காளுக்காக என்று சொல்லிச் சொல்லியே பழகியது. அதை இப்போது சொன்னால் அக்கா கண் போய்விடும்.

"தப்பு மச்சான்" என்றேன்.

ஏழாம் வகுப்புப் பரீட்சை நாள் மாதிரியே இருந்தது எனக்கு. இந்த வயதிலும் இரண்டு வார்த்தைக்கு இப்படி வியர்க்கிறதே என்று வெட்கமாக இருந்தது. அதைவிட, இந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல அக்காளுக்குக் கண் மங்கும்வரை காத்திருந்தேனே என்பது பெரிய வெட்கமாக இருந்தது.

"நீங்க பயப்படுறீக. நாளைக்கே கெளம்புங்க. நான் கமுதியில இருந்து நேரா மதுரைக்கு வந்து நிக்கிறேன்" என்றேன்.

அந்தப் பக்கம் பட்டறைச் சிமெண்டுத் தரையில் இரும்பு நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"சரி. உக்காந்துட்டேன்" என்றார். "இன்னும் என்னென்ன தப்பு, சொல்லு."